பிராம்ப்டர் அண்ணியும் மூளை மாத்திரையும்

என் அண்ணிக்கு மெல்லப் பேசுவதுதான் தொழில். எங்கள் நாடகக் குழுவில் அவர் பிராம்ப்டர். மேடையின் பக்கவாட்டில் தொங்கும் படுதாவுக்குப் பின்னால் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்து, மடியில் நாடகப் பிரதியை விரித்து வைத்துக்கொண்டு, வசனம் மறந்து முழிக்கிற நடிகருக்கு முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார். முதல் சொல் மட்டும்தான். முழு வாக்கியத்தையும் சொல்லிக் கொடுக்கிற பிராம்ப்டர்களை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. அவர் குரல் நடிகர் காது வரைக்கும் போகும். முதல் வரிசை நாற்காலிக்குப் போகாது. ஒத்திகைகளில் எத்தனையோ முறை நானே அந்த முதல் வரிசையில் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். ஒரு எழுத்து விழுந்ததில்லை.

எதிர்ப் பக்கப் படுதாவுக்குப் பின்னால் விளக்குப் பலகையோடு உட்கார்ந்திருப்பவன் நான். மேடைக்கு அந்தப் பக்கம் அண்ணி, இந்தப் பக்கம் நான், நடுவில் என் அண்ணன் நடித்துக்கொண்டிருப்பார். எங்கள் குடும்பப் படம் எடுத்தால் இப்படித்தான் எடுக்க வேண்டும்.

அண்ணி முதலில் டிக்கெட் ஜன்னலில் வேலைக்கு வந்தவர். ஒருநாள் அப்போதிருந்த பிராம்ப்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. படிக்கத் தெரிந்த ஆள் யாராவது வாருங்கள் என்று கூப்பிட்டதில், டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டு இவர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அன்று அண்ணன் ஒரு காதல் வசனத்தின் நடுவில் திருதிருவென்று விழித்தார். இவர் ஒரு சொல் கொடுத்தார். அதற்குப் பிறகு என் அண்ணன் சொந்த ஞாபகத்தை நம்பி வாழ்ந்ததே கிடையாது. தெருவில் யாராவது எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தால், அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். பின்னாலிருந்து அண்ணி "கணக்கு வாத்தியார்" என்பார், உதடு அசையாமல். அவர்கள் கல்யாணமே அப்படி நடந்த ஒன்றுதான் என்று நான் கேலி செய்வேன். கட்டிக்கொள்கிறாயா என்று தான் எப்போது கேட்டோம் என்று அண்ணனுக்கு ஞாபகமில்லை, தான் என்ன பதில் சொன்னோம் என்று அண்ணிக்கு மட்டும் ஞாபகம்.

பிராம்ப்டருக்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். பிரதி மடியில் இருக்கும்போது ஞாபகசக்தி எதற்கு? அந்த வேலையின் சூட்சுமம் வேறு. நடிகர் பேசாமல் நிற்கும்போது, அவர் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறாரா, அல்லது மறந்துபோய் நிற்கிறாரா என்று கண்டுபிடிக்க வேண்டும். மறந்தவனுக்குச் சொல் கொடுக்காவிட்டால் நாடகம் செத்தது. நிறுத்தியவனுக்குச் சொல் கொடுத்தாலும் நாடகம் செத்தது. அண்ணி இந்த விஷயத்தில் தவறியதே இல்லை. அவர் வாய் திறந்தால் நடிகர் மறந்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் குழுவில் அது சட்டம் மாதிரி.

இப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. புது நாடகம் ஒன்றுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு அப்பா வேஷம். வயதாகிவிட்டதால் அண்ணன் முன்னைவிட அதிகமாகவே தடுமாறினார். "அவருக்கு ஓய்வு குடுக்கலாமா" என்று எங்கள் குழு முதலாளி ஜாடைமாடையாகப் பேச ஆரம்பித்திருந்தார். அந்த நேரத்தில் ஒரு ஒத்திகையில் அண்ணன் சொல்லுக்காகக் காத்து நிற்க, அண்ணிக்கே பிரதியில் வரி தவறிவிட்டது. எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம்தான், பிறகு கண்டுபிடித்துவிட்டார். வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அண்ணியால் அதை விட முடியவில்லை. ஏற்கெனவே வீட்டில் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போவதும், தலையில் இருக்கும் கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுவதுமாக இருந்தார். அண்ணன் மறந்தால் எடுத்துக் கொடுக்கத் தான் இருக்கிறோம், தானும் மறக்க ஆரம்பித்தால் இரண்டு பேர் கதியும் என்ன என்று அண்ணிக்குள் ஓடியிருக்கிறது. இதையெல்லாம் பின்னால்தான் சொன்னார். அப்போது மூச்சு விடவில்லை.

எங்கள் கதாநாயகன் ஒரு இளவட்டம். நாங்கள் மின்னல் என்று கூப்பிடுவோம். நல்ல பையன்தான், ஆனால் கைப்பேசியில் எது விளம்பரமாக வந்தாலும் வாங்கிவிடுகிற நோய் உண்டு. முடி வளர எண்ணெய், முதுகு நிமிர வார், இப்படி. அந்தச் சமயம் அவன் வாங்கியிருந்தது மூளை மாத்திரை. நீலநிற டப்பா, அதன்மேல் ஒரு மூளைப் படம், மூளைக்குள் ஒரு மின்னல் வெட்டு. நினைவாற்றல், கவனம், வேகம், முற்றிலும் இயற்கையானது என்று நான்கு பக்கமும் எழுதியிருந்தது. தயாரித்தவன் யார், எந்த ஊர் என்று எழுத மட்டும் இடம் போதவில்லை போலிருக்கிறது.

பையன் தன் வசனத்தோடு மற்றவர்கள் வசனத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டான். எல்லோருக்கும் ஆச்சரியம். குழுவுக்குள் டப்பா கைமாறியது. ஒப்பனைக்காரர் ஒன்று விழுங்கிவிட்டு, அன்று சாயங்காலம் முழுவதும் ஒரே நடிகையின் ஒரே புருவத்தை வரைந்துகொண்டிருந்தார். அழித்து, வரைந்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி அழித்து. இன்னொரு புருவம் ஒன்று இருக்கிறது என்பதே அவர் கவனத்துக்கு வரவில்லை. எனக்கும் நீட்டினார்கள். பேர் தெரியாதவன் செய்ததை வாயில் போடுகிற அளவுக்கு என் மூளைக்கு ஒன்றும் குறைச்சல் வந்துவிடவில்லை என்று சொல்லி அனுப்பினேன். நான் கொஞ்சம் முசுடு, எல்லோருக்கும் தெரியும்.

அண்ணி யாருக்கும் தெரியாமல் மின்னலிடம் ஒரு டப்பா வாங்கிக்கொண்டார். ஆரம்பத்தில் அவருக்குச் சொர்க்கம்தான், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பரண் முழுவதையும் இறக்கித் துடைத்தார். பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்தார். தொலைந்துபோன சாவிகளெல்லாம் வெளியே வந்தன. இவ்வளவு உற்சாகமாக அண்ணியைப் பார்த்து வெகு காலம் ஆகிவிட்டது என்று நானே சந்தோஷப்பட்டேன். அண்ணன் மட்டும், அவள் தூங்குகிற மாதிரியே தெரியவில்லை என்று ஒருநாள் முணுமுணுத்தார். புது நாடகப் பதற்றம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

நாடகத்தில் ஒரு கட்டம். சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகன் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து வாசற்கதவில் நிற்கிறான். அப்பா அவனைப் பார்க்கிறார். பேசவில்லை. நிற்கிறார், நிற்கிறார், அரங்கமே தவிக்கிற வரைக்கும் நிற்கிறார். பிறகு, "கதவைச் சாத்திட்டு உள்ள வா. காத்து அடிக்குது" என்கிறார். அவ்வளவுதான் வசனம். அந்த மௌனத்துக்காகத்தான் அண்ணன் இந்த வேஷத்தையே ஒப்புக்கொண்டார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசாமல் ஒத்திகை பார்த்த ஒரே நடிகர் அவராகத்தான் இருப்பார்.

முதல் காட்சி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அரங்கம் நிரம்பி வழிந்தது. மின்னல் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். நான் விளக்கை மெல்லக் குறைத்தேன். குண்டூசி விழுந்தால் கேட்டிருக்கும்.

"கதவை" என்றது அண்ணியின் குரல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் இன்னும் நிற்கவே ஆரம்பிக்கவில்லையே. எதிரே பார்த்தால் அண்ணி முக்காலியின் நுனியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. "கதவை" என்றார் மறுபடியும், இந்த முறை உரக்க. நெஞ்சு காதுக்குள் தடதடவென்று அடித்ததில் தன் குரல் தனக்கே கேட்கவில்லையாம். மூன்றாவது முறை முழு வசனத்தையும் சொன்னார். கடைசி வரிசைக்கும் கேட்டது.

இதுவே போதாதா? மின்னலும் மாத்திரையின் வேகத்தில்தானே நின்றுகொண்டிருந்தான். "கதவை" என்ற சொல் காதில் விழுந்ததும் சடாரென்று திரும்பி, கதவைப் படாரென்று சாத்தி, "சாத்திட்டேம்ப்பா" என்றான். வண்ணத்துணியில் வரைந்த சுவர் மொத்தமும் ஆடியது. அரங்கம் வெடித்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் திரும்பி அண்ணி பக்கம் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. ஒரு குழந்தை கூட்டத்தில் கை நழுவி நிற்குமே, அப்படி நின்றார். அதற்குப் பிறகு நாடகம் முழுவதும் நிஜமாகவே தடுமாறினார். அண்ணி விடாமல் எடுத்துக் கொடுத்தார், வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும்.

ஒப்பனை அறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே அண்ணன் முதலாளியிடம், இந்த வேஷத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். முதலாளி, விலக வேண்டாம் என்று ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும், அண்ணிதானே சொதப்பினார், நீ ஏன் விலக வேண்டும் என்று அண்ணனிடம் பாய்ந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"அவ இத்தனை வருஷத்துல ஒரு தடவை தப்பாக் குரல் குடுத்திருக்காளா? அவ வாயத் தொறந்தான்னா நான் மறந்துட்டேன்னு அர்த்தம். நான் வேணும்னுதான் நிறுத்தினேன்னு எனக்குத் தோணுச்சு பாரு, அதான்டா பயமா இருக்கு. மறந்ததுகூடத் தெரியாம மறந்திருக்கேன்."

அவர் தன் புத்தியைவிட அண்ணியின் குரலை அதிகமாக நம்பினார். அந்தக் குரல் சொன்னதால், தனக்குப் புத்தி போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டார்.

அண்ணி சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தவறே செய்யாதவர் என்று பேர் வாங்கியவருக்குத் தவறை ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்று பார்த்தேன். முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பயம் வந்தது, மாத்திரை வாங்கியது, தூக்கம் போனது, மேடையில் அண்ணன் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் தனக்கு ஒரு யுகமாகத் தெரிந்தது, எல்லாம்.

அண்ணன் கேட்டுவிட்டு அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். "எனக்காக நீ பழியை ஏத்துக்கிற. வேண்டாம்மா" என்றார்.

நம்பவில்லை. எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. "இருங்க, டப்பாவையே கொண்டு வந்து காட்டுறேன்" என்று அண்ணி விருட்டென்று எழுந்தார். எழுந்தவர் அலமாரி வரைக்கும் போகவில்லை. சுவரைப் பிடித்தார், அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மார்பில் கை வைத்தால் உள்ளே இயந்திரம் ஓடுவது போல் இருந்தது. நான் டப்பாவைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அரக்கப்பரக்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் எனக்கு உயிரே இல்லை. அண்ணி இல்லாத எதிர்ப் படுதாவை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

டாக்டர் ஒரு அம்மாள். ஊசி போட்டு, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, துடிப்பு கொஞ்சம் அடங்கிய பிறகு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, பல காலமாக, என்றார் அண்ணி. பதற்றத்தில் மறந்திருந்த டப்பாவை நான் அப்போதுதான் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன். இந்த டப்பா விஷயத்தை ஏன் வந்ததுமே சொல்லவில்லை என்றதற்கு, "மருந்துன்னா சொல்லியிருப்பேன் டாக்டர். இது இயற்கைன்னு போட்டிருந்துச்சு, சத்துன்னு நினைச்சேன்" என்றார்.

டாக்டர் டப்பாவைத் திறந்து கையில் கொட்டிப் பார்த்தார். அதற்குள் தகவல் தெரிந்து மின்னலும் தன் டப்பாவோடு ஓடி வந்திருந்தான். இரண்டு டப்பாவும் வெளியே அச்சு அசல் ஒன்று. உள்ளே ஒன்றில் வெள்ளை மாத்திரை, இன்னொன்றில் மஞ்சள். இவற்றுக்கு முன்னால் முதன்முதலில் வாங்கிய டப்பா சும்மா தூக்கம் வர வைத்தது, அடுத்து வந்ததுதான் பறக்க வைத்தது, சரக்கு தேறிவிட்டது என்று நினைத்தேன் என்றான் பையன், அசடு வழிய.

"வெளிய எழுதியிருக்கிறது ஒண்ணு. உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது" என்றார் டாக்டர். "துடிப்பைப் பார்த்தா ஏதோ கடுமையான ஊக்க மருந்தைக் கலந்திருக்காங்க. யாரும் அளந்து போடல, யாரும் சோதிக்கல. ஒரு மாத்திரையில துளி இருக்கும், அடுத்ததுல நாலு மடங்கு இருக்கும். அது கூட ரத்த அழுத்தமும் சேர்ந்தா என்ன வேணா ஆகலாம். நீங்க தப்பிச்சது அதிர்ஷ்டம்."

அப்படியானால் அது பேசாமல் நிற்கிறவரை மறந்துபோனவராகக் காட்டுமா என்று நான் கேட்டேன். டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார். நான் விளக்கினேன். நெஞ்சு இந்த வேகத்தில் ஓடும்போது மற்றவர்கள் எல்லோரும் நின்றுபோனது போலத்தான் தோன்றும் என்றார்.

அண்ணன் அதுவரை கட்டில் ஓரத்தில் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். மெதுவாக முகம் மலர்ந்தது. "அப்ப நான் மறக்கலையா?" என்றார். யாரும் பதில் சொல்வதற்குள் எழுந்து நின்று, "டேய், நான் மறக்கலடா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். மின்னலைக் கட்டிப் பிடித்தார். டாக்டருக்குக் கை கொடுத்தார். நெஞ்சு முழுக்க ஒயரோடு படுத்திருந்த அண்ணி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் சாகக் கிடக்கேன், உங்களுக்குக் கொண்டாட்டமா இருக்கா?" என்றார்.

அண்ணன் அப்போதும் சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணியும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு அழுதார். நான் டாக்டரிடம், அண்ணியின் மறதிக்கு வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன். நன்றாகத் தூங்கட்டும், கண்ணாடியை மாற்றி எத்தனை காலம் ஆகிறது என்று பார்க்கட்டும், பாக்கி மறதி எல்லோருக்கும் உள்ளதுதான் என்றார். அண்ணியின் கண்ணாடி நிஜமாகவே ஆதிகாலத்ததாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் டப்பாக்களை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பி வைத்தார். மாத்திரை விற்றவனுடைய எண்ணை மின்னல் கூப்பிட்டுப் பார்த்தான். அந்த எண் புழக்கத்திலேயே இல்லை. அதே மூளைப் படம் மறுவாரமே வேறொரு பெயரில், பச்சை டப்பாவில் அவன் கைப்பேசியில் வந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

தேறி வந்ததும் அண்ணி நேராக ஒத்திகைக்கூடத்துக்குப் போனார். எல்லோரையும் உட்கார வைத்து, அன்றைக்குத் தப்பு தன்னுடையது, அவர் மறக்கவில்லை, வேண்டுமானால் என்னை நீக்குங்கள் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி தலையைச் சொறிந்தார். ஒப்பனைக்காரர் தன் புருவக் கதையைத் தானே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். மின்னல் மாத்திரையை நிறுத்தியதும் இரண்டு நாள் எழுந்திருக்காமல் தூங்கினானாம்; எழுந்தபோது மற்றவர்கள் வசனம் என்ன, தன் வசனமே பாதி ஞாபகமில்லை. எனக்கு எடுத்துக் கொடுக்க இந்த அம்மா கட்டாயம் வேண்டும் என்று அவன் அண்ணியைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டான். கடைசியில் முதலாளி இன்னொரு காட்சிக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். அதுவும் சொதப்பினால் அண்ணனுக்கு மேடை முடிந்தது என்பதை இந்த முறை ஜாடையில் சொல்லவில்லை, நேராகவே சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மின்னல் கதவைத் திறந்து வந்து நின்றான். பாதி அரங்கம் போன வாரத்துக் கூத்தைக் கேள்விப்பட்டு, சிரிப்பதற்குத் தயாராக வந்திருந்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். நின்றார்.

நிற்க வேண்டிய நேரம் வந்தது. அதுவும் தாண்டியது. அண்ணனுடைய கண் மெல்ல நகர்ந்து படுதாப் பக்கம், அண்ணியிடம் போனது. நடிகன் பார்க்கவே கூடாத இடம் அது. எதிரே அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, சொல்லுங்கள் அண்ணி, சொல்லுங்கள் என்று மனத்துக்குள் கெஞ்சினேன். அண்ணி மடியிலிருந்த பிரதியை மூடினார். புதுக் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு அண்ணனைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் மூச்சை இழுத்து விட்டார்.

"கதவைச் சாத்திட்டு உள்ள வா. காத்து அடிக்குது."

மின்னல் கதவைச் சாத்தினான், மெதுவாக. அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் அழுதுகொண்டு அப்படியே இருந்துவிட்டேன். அந்த இடத்தில் விளக்கை அணைக்க வேண்டியவன் நான் என்பது எதிரிலிருந்து "விளக்கு" என்று ஒரு குரல் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சொல் மேடையைக் கடந்து என் காதுக்கு மட்டும் வந்தது.

திரும்பும்போது அண்ணன் மின்னலின் தோளில் கை போட்டுக்கொண்டு, முதலாளி கொடுத்த அடுத்த மாதத் தேதிகளைப் பெருமையாகச் சொல்லியபடி முன்னால் போனார். நானும் அண்ணியும் பின்னால் நடந்தோம். அவர் மறக்கவில்லை, வேண்டுமென்றுதான் நிறுத்தினார் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"தெரியல தம்பி" என்றார் அண்ணி.

நான் நின்றுவிட்டேன். மறந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன்.

"மறந்திருந்தா நானும் கூட உக்காந்து முழிச்சிருப்பேன். பார்க்க வந்தவங்க சிரிச்சிட்டுப் போகட்டும். இனி அவருக்கும் மறக்கும், எனக்கும் மறக்கும், அதைத் தடுக்க என்னால முடியாது. அவரு என்னைத் திரும்பிப் பார்த்தப்போ நான் பயந்து போயிருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு."